அல்லது என்றால் கூட்டல், மற்றும் என்றால் பெருக்கலா?

கேள்வி இதுதான்: "இரண்டு சீரான பகடைகள் ஒருமுறை உருட்டப்படுகின்றன. முதல் பகடையில் இரட்டைப்படை எண் அல்லது முக மதிப்புகளின் கூடுதல் 8 கிடைப்பதற்கான நிகழ்தகவு கேட்டிருந்தார்கள். 18/36, 5/36 இரண்டையும் கூட்டி 23/36 என்று எழுதினேன். புத்தகத்தில் விடை 5/9. அடுத்த கணக்கில் 'அல்லது' இருந்த இடத்தில் 'மற்றும்'. இரண்டையும் பெருக்கி 5/72 என்று எழுதினேன். விடை 1/12 என்று இருக்கிறது. அல்லது என்றால் கூட்டு, மற்றும் என்றால் பெருக்கு என்றுதானே சொல்லித் தந்தார்கள்? நான் எங்கே தவறுகிறேன்?"

நீங்கள் கூட்டியதும் பெருக்கியதும் சரியாகவே இருக்கின்றன. உங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட வாய்ப்பாடுதான் அரைகுறையானது. கூட்டுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பெருக்குவதற்கு முற்றிலும் வேறொரு நிபந்தனை உண்டு. மனப்பாடத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று இரண்டு நிபந்தனைகளையும் உதிர்த்துவிட்டு, மிச்சத்தை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கையளித்து வருகிறோம். இந்த வாய்ப்பாட்டின் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. கணக்கில் என்ன நடக்கிறது என்று பார்க்கவிடாமல், ஒரு சொல்லைக் கண்டதும் பேனாவை ஓடவைப்பது அதுதான்.

அதை ஒதுக்கி வைத்துவிட்டு அடியிலிருந்து வருவோம். நிகழ்தகவில் நிகழ்ச்சி என்பது ஒரு கணம், அதாவது விளைவுகளின் தொகுப்பு. இதைப் பத்தாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். ஆனால் பெரும்பாலானோர் வரையறையாகப் படித்துவிட்டு, கணக்குப் போடும்போது மறந்துவிடுகிறார்கள். இரண்டு பகடைகளை உருட்டினால் கிடைக்கக்கூடிய விளைவுகள் (1, 1) முதல் (6, 6) வரை 36. இவற்றின் தொகுப்பே கூறுவெளி. "முதல் பகடையில் இரட்டைப்படை எண்" என்பது இந்த 36-இல் சிலவற்றைப் பொறுக்கி எடுத்த ஒரு தொகுப்பு. அதை இ என்று அழைப்போம். முதல் இடத்தில் 2, 4, 6 வரும் சோடிகள் எல்லாம் அதில் அடங்கும், மொத்தம் 18. "கூடுதல் எட்டு" என்பதை எ என்போம். அதில் இருப்பவை (2, 6), (3, 5), (4, 4), (5, 3), (6, 2) ஆகிய ஐந்து.

இப்போது எதையும் கூட்டவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். 36 விளைவுகளையும் நான்கு அறைகளில் பிரித்துப் போடுங்கள். இரண்டு கணங்களிலும் இருப்பவை ஓர் அறை: (2, 6), (4, 4), (6, 2) என மூன்று. இ-இல் மட்டும் இருப்பவை 18-இல் 3 போக 15. எ-இல் மட்டும் இருப்பவை (3, 5), (5, 3) என இரண்டு. இரண்டிலும் சேராதவை 36 − 20 = 16. இந்த நான்கு எண்களை (3, 15, 2, 16) எழுதிவிட்டீர்கள் என்றால், இந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சேர்த்து யார் எந்தக் கேள்வி கேட்டாலும் விடை தயாராக இருக்கிறது. இ அல்லது எ: 15 + 3 + 2 = 20, ஆகவே 20/36 = 5/9. இ மற்றும் எ: 3/36 = 1/12. இ மட்டும்: 15/36. இரண்டில் சரியாக ஒன்று மட்டும்: 17/36. இரண்டும் இல்லை: 16/36. புத்தகத்தின் இரண்டு விடைகளும் வந்துவிட்டன. நாம் ஒரு சூத்திரத்தைக்கூடத் தொடவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. எண்ணி எண்ணி வகுக்கும் இந்த முறை, கூறுவெளியின் உறுப்புகள் எல்லாம் சமவாய்ப்பு உள்ளவையாக இருந்தால் மட்டுமே செல்லும். அதனால்தான் (3, 5)-ஐயும் (5, 3)-ஐயும் தனித்தனியாக எண்ணினோம். இதில் தடுமாறியவர்கள் நம்மைப் போன்ற மாணவர்கள் மட்டுமல்லர். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலியோவிடம் ஒரு கேள்வி வந்தது. மூன்று பகடைகளை உருட்டினால் கூடுதல் 9 வருவதற்கு ஆறு வழிகள்: 1+2+6, 1+3+5, 1+4+4, 2+2+5, 2+3+4, 3+3+3. கூடுதல் 10 வருவதற்கும் ஆறு வழிகள்: 1+3+6, 1+4+5, 2+2+6, 2+3+5, 2+4+4, 3+3+4. அப்படியிருக்க, சூதாடுபவர்களின் அனுபவத்தில் 10 சற்று அதிகமாக விழுவது ஏன்? கலிலியோ வரிசையையும் கணக்கில் எடுத்து எண்ணிக் காட்டினார். 1+2+6 என்பது ஆறு விதமாக வரலாம். 1+4+4 மூன்று விதமாக. 3+3+3 ஒரே ஒரு விதமாக. எண்ணினால் 9-க்கு 25 விளைவுகள், 10-க்கு 27, மொத்தம் 216. வேறுபாடு 2/216, அதாவது நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு. அந்த அளவு நுண்ணிய வேறுபாட்டை உருட்டி உருட்டியே கண்டுகொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அடுத்தது, கேள்வியின் மொழியைக் கணங்களின் மொழிக்குக் கொண்டுவருவது. கணக்கில் தவறுவோரில் பெரும்பாலோர் தவறுவது இந்தப் படியில்தான். "அ அல்லது ஆ" என்றால் சேர்ப்பு, அ ∪ ஆ. இரண்டும் நடந்தாலும் அதில் அடங்கும். "குறைந்தது ஒன்றாவது" என்பதும் இதே சேர்ப்புதான். "அ மற்றும் ஆ" என்றால் வெட்டு, அ ∩ ஆ. "அ நடக்கவில்லை" என்றால் நிரப்பு, அ′. "அ மட்டும்" என்றால் அ ∩ ஆ′. இவை எளிது. சிக்கல் எழுவது "இல்லை" என்ற சொல் உள்ளே நுழையும்போது. "இரண்டும் நடக்கவில்லை" என்பதும் "இரண்டும் சேர்ந்து நடக்கவில்லை" என்பதும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கின்றன. முதலாவது (அ ∪ ஆ)′. இரண்டாவது (அ ∩ ஆ)′. நம் பகடைக் கணக்கில் முதலாவதன் நிகழ்தகவு 16/36. இரண்டாவதன் நிகழ்தகவு 33/36. இரு மடங்குக்கும் மேல் வேறுபாடு.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுபவை டி மார்கன் விதிகள். சேர்ப்பின் நிரப்பு, நிரப்புகளின் வெட்டு; வெட்டின் நிரப்பு, நிரப்புகளின் சேர்ப்பு. இந்த விதிகளுக்குத் தன் பெயரைத் தந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரி. கைக்குழந்தையாக இருந்தபோதே இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டவர், ஆகவே மதுரை அவர் நினைவில் இருந்திருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் மதுரைப் பக்கத்து மாணவர்களிடம் இதைச் சொன்னால் அந்த இரண்டு விதிகளையும் அவர்கள் மறப்பதில்லை.

இப்போது கூட்டல் தேற்றத்துக்கு வரலாம். நிகழ்தகவை நி என்று குறிப்போம். நீங்கள் 18/36-ஐயும் 5/36-ஐயும் கூட்டியபோது (2, 6), (4, 4), (6, 2) ஆகிய மூன்றையும் இரண்டு முறை எண்ணிவிட்டீர்கள்: இ-யின் கணக்கில் ஒருமுறை, எ-யின் கணக்கில் ஒருமுறை. அந்த மூன்றை ஒருமுறை கழித்தால் 23 என்பது 20 ஆகிறது. இதைத்தான் சூத்திரம் சொல்கிறது:

நி(அ ∪ ஆ) = நி(அ) + நி(ஆ) − நி(அ ∩ ஆ)

வெறும் கூட்டல் செல்லும் இடம், வெட்டு வெறுமைக் கணமாக இருக்கும் இடம் மட்டும்தான். அப்படிப்பட்டவற்றை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் என்கிறோம். கூடுதல் 8, கூடுதல் 9 ஆகிய இரண்டும் ஒரே உருட்டலில் வர முடியாது. எனவே 5/36 + 4/36 என்று தயங்காமல் கூட்டலாம். ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மகோரோவ் 1933-இல் நிகழ்தகவு முழுவதையும் மூன்று அடிகோள்களின் மீது நிறுத்தினார்: நிகழ்தகவு குறை எண்ணாக இருக்காது, முழுக் கூறுவெளியின் நிகழ்தகவு 1, ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளுக்கு நிகழ்தகவுகளைக் கூட்டலாம். "மற்றும் என்றால் பெருக்கு" என்று எந்த அடிகோளும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மேலே உள்ள கூட்டல் தேற்றம் மூன்றாவது அடிகோளிலிருந்து இரண்டே வரியில் வந்துவிடும். அ ∪ ஆ என்பதை அ என்றும் "ஆ மட்டும்" என்றும் இரண்டு துண்டாக வெட்டுங்கள்; அவை ஒன்றையொன்று விலக்குபவை, எனவே கூட்டலாம். "ஆ மட்டும்" என்பதன் நிகழ்தகவு நி(ஆ) − நி(அ ∩ ஆ). முடிந்தது.

மூன்று நிகழ்ச்சிகள் என்றால், தனித்தனியே கூட்டி, இரண்டிரண்டாகச் சேரும் வெட்டுகளைக் கழித்து, மூன்றும் சேரும் வெட்டைத் திரும்பக் கூட்ட வேண்டும். ஏன் திரும்பக் கூட்ட வேண்டும் என்று பலர் கேட்பதேயில்லை. மூன்றிலும் இருக்கும் ஒரு விளைவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மூன்று முறை எண்ணப்பட்டது. பிறகு மூன்று சோடி வெட்டுகளிலும் மூன்று முறை கழிக்கப்பட்டது. இப்போது அது கணக்கிலேயே இல்லை. அதனால் ஒருமுறை உள்ளே கொண்டுவருகிறோம். 1 முதல் 100 வரை உள்ள எண்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அது 2, 3, 5 ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் வகுபடுவதற்கான நிகழ்தகவைப் போட்டுப் பாருங்கள்: 50 + 33 + 20 − 16 − 10 − 6 + 3 = 74. விடை 74/100.

இந்தச் சேர்த்துக் கழிக்கும் முறையின் அழகு முழுவதும் வெளிப்பட்டது மோன்மோர் என்ற பிரெஞ்சுக்காரர் கையில். 1708-இல் அவர் ஒரு சீட்டாட்டத்தை ஆராய்ந்தார். 1 முதல் 13 வரை எண்ணிட்ட சீட்டுகளைக் கலைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். சொல்லும் எண்ணும் சீட்டின் எண்ணும் ஒரு முறையாவது பொருந்துமா? நாம் அதை நான்கு கடிதங்கள், முகவரி எழுதிய நான்கு உறைகள் என்று சிறிதாக்கிக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு கடிதங்களை உறைகளில் போடுகிறோம். ஒரு கடிதமாவது தன் உறைக்குள் போவதற்கான நிகழ்தகவு என்ன? ஒவ்வொரு கடிதத்துக்கும் 1/4. நான்கையும் கூட்டினால் 1. வாய்ப்பாட்டின்படி பார்த்தால் ஒரு கடிதமாவது நிச்சயம் சரியாகப் போய்ச் சேர வேண்டும்! அப்படி ஆகாது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. சோடிகள் ஆறு, ஒவ்வொன்றுக்கும் 1/12, ஆக 1/2-ஐக் கழிக்க வேண்டும். மும்மூன்றாக எடுத்தால் நான்கு. ஒவ்வொன்றுக்கும் 1/24, ஆக 1/6-ஐக் கூட்ட வேண்டும். நான்கும் சரியாக அமைவதற்கு 1/24; அதைக் கழிக்க வேண்டும். 1 − 1/2 + 1/6 − 1/24 = 15/24 = 0.625. கடிதங்கள் ஆயிரமாக இருந்தாலும் விடை ஏறக்குறைய 0.632 என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. கடிதங்கள் கூடக் கூட ஒன்றாவது பொருந்துவது எளிதாகுமா, அரிதாகுமா என்று யாரைக் கேட்டாலும் ஏதாவது ஒரு பக்கம் சாய்வார்கள். உண்மையில் அது கிட்டத்தட்ட அசைவதே இல்லை.

"குறைந்தது ஒன்றாவது" என்று கேள்வி கேட்டால், சேர்ப்பை நேராகப் பிடிக்காமல் நிரப்பு வழியாகப் போவது பல சமயம் சுருக்கமான வழி. 1654-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களோடு இணைத்துப் பேசப்படும் ஒரு பழைய சிக்கல் இதற்கு நல்ல சான்று. மெரே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் சூதாட்டத்தில் ஆர்வம் உள்ளவர். ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு முறையாவது 6 விழும் என்று பந்தயம் கட்டினால் ஆதாயம். இரண்டு பகடைகளை 24 முறை உருட்டினால் ஒரு முறையாவது (6, 6) விழும் என்று பந்தயம் கட்டினாலோ நட்டம். 4-க்கும் 6-க்கும் உள்ள விகிதமே 24-க்கும் 36-க்கும் இருக்கும்போது இது எப்படி?

வெறுமனே கூட்டினால் இரண்டுமே 2/3 என்று வரும். அந்தக் கூட்டல் தவறு என்பதற்குச் சான்று வேண்டுமா? ஏழு முறை உருட்டியதாக வைத்துக் கூட்டிப் பாருங்கள்: 7/6. ஒன்றைத் தாண்டிய நிகழ்தகவு கிடையாது. சரியான வழி, 6 ஒருமுறைகூட விழாமல் போவதைக் கணக்கிட்டு 1-இலிருந்து கழிப்பது. நான்கு உருட்டல்களுக்கு 1 − (5/6)⁴ = 671/1296, அதாவது சுமார் 0.518. இரட்டை ஆறுக்கு 1 − (35/36)²⁴, சுமார் 0.491. பாதிக்கு ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் மற்றொன்று. 25 முறை உருட்டினால் இரண்டாவதும் பாதியைத் தாண்டிவிடும்.

இந்தக் கணக்கில் சத்தமில்லாமல் ஒன்றைச் செய்தோம். 5/6-ஐ நான்கு முறை பெருக்கினோம். யார் அனுமதி கொடுத்தது? இதுதான் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வெட்டின் நிகழ்தகவுக்கு எப்போதும் செல்லும் சூத்திரம் ஒன்றுதான்:

நி(அ ∩ ஆ) = நி(அ) × நி(அ நடந்திருக்கும்போது ஆ)

இரண்டாவதாக வருவது நிபந்தனை நிகழ்தகவு. அ நடந்துவிட்டது என்று தெரிந்தவுடன் கூறுவெளி சுருங்கி அ மட்டுமே ஆகிவிடுகிறது. அதற்குள் ஆ எவ்வளவு பங்கு என்று பார்க்கிறோம். உங்கள் கணக்கில் இ நடந்துவிட்டது என்றால் 18 விளைவுகள்தான் மீதம். அவற்றில் கூடுதல் 8 உள்ளவை மூன்று. 3/18 = 1/6. ஆகவே 1/2 × 1/6 = 1/12. நீங்கள் 1/6 போட வேண்டிய இடத்தில் பழைய 5/36-ஐயே போட்டீர்கள். இ நடந்தது என்ற செய்தி எ-யின் வாய்ப்பை 5/36-இலிருந்து 6/36-ஆகக் கூட்டிவிட்டது. முதல் பகடையில் 1 விழுந்தால் 8 கிடைக்கவே கிடைக்காது, 1 விழாது என்று தெரிந்துவிட்டதே, அதனால்.

இப்போது 8-க்குப் பதிலாக 7 என்று மாற்றுங்கள். கூடுதல் ஏழு என்பதை ஏ என்போம். அதில் ஆறு விளைவுகள். இ-யோடு வெட்டில் (2, 5), (4, 3), (6, 1) என்று மூன்று. நிகழ்தகவு 3/36 = 1/12. பெருக்கிப் பாருங்கள்: 1/2 × 6/36 = 1/12. பொருந்திவிட்டது! முதல் பகடையில் என்ன விழுந்தாலும் 7-ஐ முடித்துவைக்க இரண்டாவது பகடையில் சரியாக ஓர் எண் காத்திருக்கிறது. எனவே முதல் பகடை பற்றிய செய்தி 7-இன் வாய்ப்பை எள்ளளவும் அசைக்கவில்லை. இ-யும் ஏ-யும் சார்பிலா நிகழ்ச்சிகள். இ-யும் எ-யும் அப்படியல்ல.

இரண்டுக்கும் வென் படம் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்கள். இரண்டிலும் நடுப்பகுதியில் 3. படத்தைப் பார்த்து எது சார்பிலாதது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றையொன்று விலக்குதல் கணங்களின் பண்பு. வட்டங்கள் தொடாமல் நின்றால் கண்ணுக்கே தெரிந்துவிடும். சார்பின்மை நிகழ்தகவுகளின் பண்பு; எண்களைப் போட்டு, நி(அ ∩ ஆ) = நி(அ) × நி(ஆ) என்று வருகிறதா என்று சரிபார்த்தால்தான் தெரியும். இந்த வேறுபாடு தெளிவாகப் பிடிபட்டுவிட்டால் இந்தப் பாடத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள்: "ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகள்" என்று மங்கலாகச் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் அவை ஏறக்குறைய எதிரெதிரானவை. அ-வும் ஆ-வும் ஒன்றையொன்று விலக்குபவை, இரண்டின் நிகழ்தகவும் பூச்சியத்துக்கு மேல் என்றால், அ நடந்தவுடன் ஆ-வின் வாய்ப்பு பூச்சியமாகிவிடுகிறது. அதைவிட வலுவான சார்பு வேறு என்ன இருக்க முடியும்?

பகடையில் ஓர் உருட்டல் அடுத்த உருட்டலைப் பாதிக்காது என்பதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. அதனால்தான் மெரேயின் கணக்கில் பெருக்க முடிந்தது. காரணம் இல்லாத இடத்தில் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கை அவசியம் சொல்ல வேண்டும்.

சாலி கிளார்க் என்ற வழக்குரைஞரின் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்த சில வாரங்களிலேயே, 1996-இலும் 1998-இலும் அடுத்தடுத்து இறந்தன. அவரே கொன்றார் என்று வழக்கு. விசாரணையில் ராய் மெடோ என்ற குழந்தை மருத்துவப் பேராசிரியர் சாட்சியம் சொன்னார்: அப்படிப்பட்ட வசதியான, புகைப்பழக்கம் இல்லாத குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறப்பதற்கான வாய்ப்பு 8,543-இல் ஒன்று, எனவே இரண்டு குழந்தைகள் அப்படி இறப்பதற்கான வாய்ப்பு 8,543-ஐ 8,543-ஆல் பெருக்கினால் வருவது, அதாவது ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. 1999 நவம்பரில் சாலி கிளார்க்குக்கு ஆயுள் தண்டனை.

மற்றும் என்றால் பெருக்கு. அங்கே நடந்தது அதுதான். ஒரே தாய் தந்தை, ஒரே மரபணு வழி, ஒரே வீடு; முதல் குழந்தை அப்படி இறந்த வீட்டில் இரண்டாவது குழந்தைக்கான வாய்ப்பு பொதுவான எண்ணாகவே இருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்? அங்கே போட வேண்டியது நிபந்தனை நிகழ்தகவு. அதன் மதிப்பு யார் கையிலும் இல்லை. 2001-இல் பிரிட்டனின் அரச புள்ளியியல் கழகம் இந்தக் கணக்குக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று வெளிப்படையாக அறிக்கை விட்டது. அறிக்கை இன்னொரு பிழையையும் சுட்டியது. குற்றமற்றவர் என்று வைத்துக்கொண்டால் இப்படி நடப்பதற்கான வாய்ப்பும், இப்படி நடந்திருக்கும்போது அவர் குற்றமற்றவராக இருப்பதற்கான வாய்ப்பும் வேறு வேறு. நம் பகடையிலேயே பாருங்கள்: இ நடந்திருக்கும்போது எ-யின் வாய்ப்பு 3/18, எ நடந்திருக்கும்போது இ-யின் வாய்ப்பு 3/5. வெட்டு ஒன்றுதான், அதை எந்தக் கணத்தால் வகுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் மாறுகிறது. 2003 ஜனவரியில் இரண்டாவது மேல்முறையீட்டில் சாலி கிளார்க் விடுதலையானார். மறைக்கப்பட்ட மருத்துவப் பரிசோதனை முடிவு ஒன்று வெளிவந்ததே அதற்கு முதன்மைக் காரணம். அந்தப் பெருக்கல் கணக்கையும் நீதிமன்றம் கடிந்துகொண்டது. 2007-இல் அவர் இறந்துபோனார். இரண்டு மதிப்பெண் கணக்குதானே என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்குதான் நினைவுக்கு வரும்.

இனி தேர்வு அறைக்கு உதவும் சில சரிபார்ப்புகள். வெட்டு எந்தக் கணத்தையும்விடப் பெரிதாகாது. எனவே "மற்றும்" விடை, தனித்தனி நிகழ்தகவுகளில் சிறியதைத் தாண்டக் கூடாது. இது வெளிப்படையான செய்திபோலத் தோன்றும். ஆனால் 1983-இல் வெளிவந்த ஆய்வில், உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் லிண்டா என்ற கற்பனைப் பெண்ணைப் பற்றிச் சமூக நீதியில் அக்கறை உள்ளவர் என்று விவரித்துவிட்டு, அவர் வங்கி ஊழியராக இருப்பதற்கு வாய்ப்பு அதிகமா, பெண்ணிய இயக்கத்தில் ஈடுபட்ட வங்கி ஊழியராக இருப்பதற்கு வாய்ப்பு அதிகமா என்று கேட்டபோது, பெரும்பாலோர் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். வெட்டு முழுக் கணத்தைவிடப் பெரிது என்று சொன்னதற்கு அது சமம். கதை பொருத்தமாக இருந்தால் கணத்தை மறந்துவிடுகிறோம்.

அதேபோல் சேர்ப்பு 1-ஐத் தாண்டாது. இதிலிருந்து பயனுள்ள ஒரு முடிவு கிடைக்கிறது. நி(அ) = 0.7, நி(ஆ) = 0.6 என்று கொடுத்திருந்தால், வெட்டு குறைந்தபட்சம் 0.3 இருந்தே ஆக வேண்டும், அதிகபட்சம் 0.6. வினாத்தாளில் இந்த எண்களோடு வெட்டு 0.2 என்று கொடுக்கப்பட்டிருந்தால், கேள்வியே தவறு. 0.42 என்று நீங்களாகப் பெருக்கிப் போடக் கூடாது. சார்பிலா நிகழ்ச்சிகள் என்று கேள்வி சொல்லியிருந்தால்தான் அந்த 0.42.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. அதே இரண்டு பகடைகள். மூன்று நிகழ்ச்சிகள்: முதல் பகடையில் இரட்டைப்படை, இரண்டாவது பகடையில் இரட்டைப்படை, கூடுதல் இரட்டைப்படை. இவற்றில் ஒன்றாவது நடப்பதற்கான நிகழ்தகவு என்ன? ஒவ்வொன்றுக்கும் 1/2. எந்த இரண்டை எடுத்தாலும் வெட்டு 9/36 = 1/4; அதாவது இரண்டிரண்டாக எடுத்தால் சார்பிலாதவையே. அதை நம்பி மூன்றும் ஒருங்கே சார்பிலாதவை என்று வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காமலிருக்க 1/2 × 1/2 × 1/2 = 1/8, ஆகவே விடை 7/8 என்று எழுதத் தோன்றும். கூட்டல் தேற்றத்தில் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் நடந்தால் மூன்றாவது தானாக நடக்கும், எனவே மூன்றின் வெட்டு 1/8 அல்ல, 1/4. 3/2 − 3/4 + 1/4 = 1. மூன்றில் ஒன்றாவது நடந்தே தீரும். இரண்டு பகடைகளிலும் ஒற்றைப்படை விழுந்தால் கூடுதல் இரட்டைப்படை ஆகிவிடுகிறதே! மூன்றும் நடக்காத அந்தக் கணத்தை எழுத முயன்றிருந்தால், அதில் போட ஒரு விளைவுகூட அகப்பட்டிருக்காது.